உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?

என்னங்க,

இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம். பத்திரிகையில் வரப்போகும் கடிதமாயிற்றே என்று இன்னும் மரியாதையான விளி ஒன்றைத் தேடிப் பார்த்தேன். வேறு எதை எழுதினாலும் நீங்கள் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள் என்று பட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டு நினைவு. நீங்கள் பாட்டுத் தெரிவு செய்து அறிவித்த அந்தப் பழைய பாடல் வானொலி, அன்றைக்கு ஒரு மணித்தியாலத்தை உங்கள் பெயருக்கு ஒதுக்கியிருக்கிறது. உங்கள் கதிரையில் இப்போது இருப்பவள் ரிஸ்னா, திகன ஊர்ப் பிள்ளை. வேலை தெரிந்தவள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவதைத் தவிர அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் நம் குண்டசாலை வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் நேராகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அங்கிளுக்கு ஆகப் புடிச்ச பாட்டு எது ஆன்ட்டி? அதத்தான் மொதல்ல போடப் போறோம்."

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல் பார்த்தாள்.

"வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி மேல உள்ளவங்க, கூட மார்க் வாங்கின பாட்ட எடுத்து இதுதான் அங்கிள்ட பாட்டுன்னு அறிவிச்சிருவாங்க. எனக்குத் தடுக்க ஏலாது."

இப்போது பாட்டுகளுக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். நேயர்களுக்குத் தொலைபேசியில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டி, பிடிக்கிறதா, சலித்துவிட்டதா என்று கேட்கிறார்கள். சலித்தது கணினியிலிருந்து இறங்கிவிடும். மிச்சத்தைக் கணினியே அடுக்குகிறது. மழை பெய்கிற காலையில் நீங்கள் மழைப் பாட்டு எடுக்கமாட்டீர்கள் என்று அவளிடம் சொன்னேன். "தோட்டத்து லயத்துல கூரை ஒழுகுறவனுக்கு மழை அழகுன்னு பாடிக் காட்டணுமா?" என்று கேட்பீர்களே, அதையும் சொன்னேன். அதைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ரிஸ்னா கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அவள் போனபின் உட்கார்ந்து யோசித்தேன். உங்களுக்குச் சீனி எவ்வளவு, எந்தச் சட்டையின் கொலர் கழுத்தை உறுத்தும், எந்தத் தம்பியோடு பேசினால் பிரஷர் ஏறும், எல்லாம் எனக்குத் தெரியும். பாட்டு? நீங்கள் வீட்டில் இருந்தால் வானொலியைத் தொட விடமாட்டீர்கள். காதுக்கும் லீவு வேண்டும் என்பீர்கள். சவரம் செய்யும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

மற்றவர்களிடம் விசாரித்தேன். விருப்பப் பாடலுக்குத் தன் உறவுகள் அத்தனை பேரின் பெயரையும் அஞ்சலட்டையில் நெருக்கி எழுதி அனுப்புவாளே, கலஹா தோட்டத்துப் பரமேஸ்வரி, அவளுக்கு ஒரு போன் கோல் எடுத்தேன்.

"இது என்னங்கம்மா கேள்வி? அந்தத் தாலாட்டுத்தான். எம் மக பொறந்தப்ப அவ பேரச் சொல்லிப் போட்டாரு. புடிக்காத பாட்டையா அம்புட்டு ஆசையா சொல்லுவாரு?"

ரிஸ்னாவின் வாப்பா, புல்லாங்குழலில் தொடங்கும் படகுப் பாட்டுத்தான் என்று சத்தியம் செய்கிறாராம். "வாப்பா கட தொறக்கிற நேரம் பாத்து அங்கிள் அதப் போடுவாராம் ஆன்ட்டி. வேற பாட்டப் போட்டா ஸ்டேஷனுக்கே வந்து கேப்பேன்னு நிக்கிறார்."

கடைசியில் குணம் அண்ணனைக் கேட்டேன். ஒலிப்பதிவுக்காரராகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து உங்களைத் தினமும் பார்த்தவர் அவர்தானே.

"எனக்கும் தெரியாது தங்கச்சி. அவர் பாட்டுக் கேட்டு நான் கண்டதேயில்லை. ஒண்டு ஓடத் துவங்கினா மற்றதைத் தேடத் துவங்கிடுவார். முழுக்கக் கேட்டது நாங்கள்தான்."

தொலைபேசியை வைத்தேன். மலைநாடு முழுவதற்கும் பாட்டுப் போட்டீர்கள். ஒன்றையாவது கடைசிவரை கேட்க உங்களுக்கு வாய்த்ததா? ஓய்வு பெற்ற பிறகாவது கேட்டிருக்கலாமே. அதற்குள் அந்த ஆசையே விட்டுப் போயிற்றா?

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். நீங்கள் கடமையில் இருக்கும்போது குசினியில் நான் வானொலியைத் திறந்து வைத்திருப்பேன். பியானோவில் தொடங்கும் ஒரு பாட்டு உண்டு, பாதிக் குரலில் ஒரு பெண் பாடுவாள். கான்வென்டில் பியானோ படித்தவள் அல்லவா நான், தொடக்கம் கேட்டதுமே அரிவாள்மணையில் என் கை நின்றுவிடும். எனக்காகத்தான் போடுகிறீர்களோ என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்ததும் கேட்க வாயெடுப்பேன். இல்லை என்று சொல்லிவிட்டால்? சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். உங்களுக்கு எது பிடிக்கும் என்று நானும் கேட்கவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று நீங்களும் கேட்கவில்லை. இத்தனை காலம் ஒரே மேசையில் சாப்பிட்டோமே, ஏன் கேட்காமல் இருந்தோம்?

நேற்று வியாழன். நிலையத்துக்கு நானே போனேன். எனக்குத் தெரியாது என்று ரிஸ்னாவிடம் சொன்னேன். படிப்பித்த காலத்தில் வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டதே கிடையாது. சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் விளங்கியது.

அந்தப் பிள்ளை கதிரையைக் கணினிப் பக்கம் திருப்பினாள். பிறகு, "அப்ப மொதல்ல யார்ட பாட்டப் போடுற ஆன்ட்டி?" என்றாள்.

"என்னுடையத."

பியானோப் பாட்டைச் சொன்னேன். தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது மார்க் கொறஞ்சு எறக்கின பாட்டு."

"திரும்ப ஏத்துங்க. எனக்குச் சலிக்கலன்னு எழுதிக்கொள்ளுங்க."

சிரித்துக்கொண்டே ஏற்றினாள். உங்கள் பாட்டு என்று எதையும் அறிவிக்கமாட்டார்கள்; அதற்கு மேலிடத்தில் சம்மதம் வாங்கியாயிற்று. தாலாட்டும் படகுப் பாட்டும் கேட்டவர்களின் பெயரோடு வரும். முதல் பாட்டு உங்கள் மனைவிக்குப் பிடித்தது என்று சொல்லப்படும். ஊரறிய இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு அன்று ரிஸ்னாவுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். ஒன்று ஓடும்போது அடுத்ததை நானே எடுத்து வைப்பேன், ஓர் இடத்திலும் தடங்கல் வராது. இது என் வாக்கு. நீங்கள் எதையும் தேட வேண்டாம். முடியும்வரை இருந்து கேளுங்கள்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
ரோஸ்லின்
குண்டசாலை