மஃரிபு வரை உபவாசம்

போதகரான என் வீட்டுக்காரருக்கு,

நம் விசுவாசிகளைத் தாங்க உதவி கேட்டுக் கொழும்புக்குப் போனீர்கள். இங்கே போன வெள்ளி உபவாச ஜெபத்துக்கு நாலு பேர்தான். வழக்கம்போல் மத்தியானத்தோடு முடிக்கலாமென்று சோறு ஆக்கிவைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு றாஹிலா ராத்தா எட்டிப் பார்த்து, "நோன்பா?" என்றார். "ஓம்" என்றேன்.

"அப்ப பொழுதுபட, மஃரிபுக்குக் கஞ்சி காய்ச்சித் தாறன். அதக் குடிச்சி நோன்பு திறங்க."

பிறகு எந்த முகத்தோடு சோற்றுப் பானையைத் திறப்பது? பொழுதுபடும்வரை நாலு பேரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செல்லத்தங்கம் அக்கா உலகத்திலுள்ள எல்லா நாடுகளுக்காகவும் ஜெபித்துவிட்டு, கடைசியில் கஞ்சிக்காகவும் ஜெபித்தார்.

இந்த வெள்ளி வீடு கொள்ளாத கூட்டம். கையில் வேதாகமம் இல்லாதவர்களும் கோப்பையை மறக்கவில்லை.

உதவி கிடைக்காவிட்டாலும் வாருங்கள். ராத்தா உங்களையும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறார்.

உங்கள் நோன்பாளி மனைவி