மண்ணரை லைன் வீட்டு விலாசம்

கண்ணு,

போன்ல சொன்னா நீ என்னைப் பேச விடமாட்டே. அதனால எழுதி, படம் புடிச்சு அனுப்பச் சொல்றேன்.

நீ அனுப்புன சேலை கிடைச்சுது.

உன்ற டிரஸ்டுக்குக் குடுத்துட்டிருந்த பணத்தை உன்ற மாமன் நிறுத்திப்போட்டான்னு கலங்காதே. ஓட்டு இல்லாதவங்களுக்கு ஓட்டு வாங்கித் தர்ற வேலைக்குக் குடுக்க வேற ஆளு வருவாங்க.

"என்ற பணத்தை வாங்கிட்டு, நான் நிக்கற வார்டு ஓட்டர் லிஸ்டுலயே எனக்கு ஆகாதவங்களைச் சேர்க்கறா உன்ற பேத்தி"ன்னான்.

"நம்ம லைன் ஊட்டுல இருந்து நம்ம கம்பெனியில தைக்கறவங்கதானேடா"ன்னேன்.

"அவிய ஓட்டு எனக்கு விழாதும்மா."

"விழற மாதிரி நடந்துக்க சாமி"ன்னேன். அதுக்கப்புறம் அவன் என்ற மொகத்தைப் பார்க்கலை.

லிஸ்டுல சேர்க்கறதுக்கு முன்னால, அவிய லைன் ஊட்டுலதான் இருக்கறாங்களான்னு நாளைக்கு விசாரிக்க அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள எல்லாரையும் கம்பெனி வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, லைன் ஊட்டையெல்லாம் பூட்டி, யாரும் குடியில்லைன்னு காட்டப்போறானாம். அங்க குடியிருக்கற பாண்டியம்மா வந்து சொன்னா.

நீ ஓடி வந்துராதே. வந்தா, டிரஸ்டு அரசியல் பண்ணுதும்பான். நான் மாத்திரையும் மாத்துத்துணியும் எடுத்துட்டு பாண்டியம்மா ஊட்டுக்கு வந்துட்டேன். கட்டிலை எனக்குக் குடுத்துட்டு அவ கீழ படுக்கறா. இனி எதாச்சும் அனுப்புனா இந்த விலாசத்துக்கே அனுப்பு.

காலையில உன்ற சேலையைக் கட்டிட்டு வாசப்படியில உக்காந்திருப்பேன். பூட்டோட வர்றவன் என்னை எந்திரிக்கச் சொல்லட்டும், பார்க்கலாம்.

உன்ற அம்மாயி