விடியும் முன்னே போனுக்கு வந்த பேப்பர்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் தம்பியும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் முழுக்க நீ கூப்பிடும்போதெல்லாம் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், நானும் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. ஆபீசில் எனக்கு வேலை போய்விடும் போல இருந்தது, அதுவும் திருடி என்ற பேரோடு போய்விடும் போல இருந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன், பதறாமல் படி. போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்டு என்னைச் சொல்லவிட மாட்டாய்.

எங்கள் பேப்பரில் பக்கங்களை வடிவமைக்கும் பிரிவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பக்கங்கள் முடிந்ததும் அச்சகத்துக்குப் போகும், கூடவே முதலாளிக்கும் ஆசிரியருக்கும் எங்களில் சிலருக்கும் ஒருமுறை பார்ப்பதற்காகப் போனுக்கு ஒரு பிரதி வரும். அந்தப் பிரதி எப்படியோ வெளியே போய், பேப்பர் போடுகிறவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஊரில் பாதிப் பேர் போனில் முழுப் பேப்பரும் ஓசியில் வந்து விழ ஆரம்பித்தது. கடைக்காரர்கள் விற்காத பேப்பரைக் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளியும் சும்மா இருக்கவில்லை. இதை மற்றவருக்கு அனுப்புவது குற்றம் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பில் போடச் சொன்னார், போட்டோம், அந்தச் சிவப்பு எழுத்தோடு சேர்ந்தே எல்லாருக்கும் போயிற்று. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொன்னார், மறுநாள் பேப்பர் வந்தது, அதற்குக் கீழேயே பாஸ்வேர்டும் வந்தது. கடைசியில் வக்கீலைப் பிடித்து, பேப்பர் சுற்றுகிற ஒரு வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிற பல் டாக்டருக்கு நோட்டீஸ் விட்டார். அந்த நோட்டீசையும் படம் பிடித்து அனுப்பி ஊரே சிரித்தது. பாட்டுக் கம்பெனிக்காரர்களும் சினிமாக்காரர்களும் திருட்டுப் பிரதிகளால் முன்பு பட்ட பாட்டைப் பார்த்து எங்கள் ஆபீசில் உச்சுக் கொட்டியிருக்கிறோம், இப்போது அது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

இதில் உன் அப்பா வேறு. அவரோடு காலையில் நடக்கப் போகிறவர்களின் குரூப்பில் யாரோ தினமும் போட்டுவிடுகிறார்கள். அவர் அதைப் பெருமையாகத் திறந்து பார்த்து, உன் பக்கம் இன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது என்று என்னிடம் சொல்வார். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, என் பொண்டாட்டி பண்ண பக்கம் என்று எழுதி, தன்னோடு முன்பு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் எங்கள் விளம்பர மேனேஜருக்கு மச்சான். அப்புறம் கேட்பானேன். பக்கம் பண்ணுகிற அம்மாவின் வீட்டுக்காரரிடமிருந்துதான் கிளம்புகிறது என்று முதலாளி காதுக்குப் போய்விட்டது.

முதலாளி கூப்பிட்டார், போனேன். உட்காருங்கள் என்று கூடச் சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன், அப்பாவுக்கு வந்தது என்னிடமிருந்து அல்ல என்றும் சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்தபடியே, "நீங்க அனுப்பலன்னா உங்க பிரிவுல யாரோ அனுப்புறாங்க. ஒரு பேரைச் சொல்லுங்கம்மா. இல்லன்னா மொத்தப் பிரிவையும் கலைச்சுட்டு வேலைய வெளிய கொடுத்துடுவேன், போலீசுக்கும் எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார். வார முடிவு வரைக்கும் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

வீட்டில் உன் அப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லா குரூப்பிலிருந்தும் வெளியேறி, போனை அணைத்து, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "நானே வந்து உங்க முதலாளி கால்ல விழறேன்" என்று கிளம்பிவிட்டார். நீங்கள் வந்தால் இன்னும் கெட்டுவிடும், பேசாமல் உட்காருங்கள் என்று அதட்டினேன். தம்பிதான் அவரைச் சமாதானப்படுத்தி, ஒரு வாய் சாப்பிட வைத்தான்.

இதில் எனக்குள்ளே ஒரு போராட்டம் நடந்தது. எங்கள் பிரிவில் படங்களை வெட்டிச் சரிசெய்பவர் ஒருவர் இருக்கிறார், மந்திரி படமானாலும் அவர் கையில் ஓரம் தப்பாது, அதனால் அவருக்குக் கத்தரி என்று பேர். நல்ல மனிதர், மனைவி காலமாகிச் சில வருடங்களாகத் தனியாக இருக்கிறார். கொஞ்ச நாளாக அவர் கையில் புதுப் போன். டீ குடிக்கும் நேரத்தில் மாடிப்படியில் நின்று கிசுகிசுவென்று பேசுவார், நான் பக்கத்தில் போனால் திரையைத் திருப்பிக்கொள்வார். அவராகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலையும் மற்றவர்கள் வேலையும் தப்பிக்கும். குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அந்தப் பேர் நாக்கு நுனியிலேயே நின்றது. ஆனால் நான் கண்ணால் பார்த்தது ஒரு புதுப் போனையும் கொஞ்சம் கிசுகிசுப்பையும்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் போய், "சொல்றதுக்கு என்கிட்ட பேரு எதுவும் இல்ல சார். சந்தேகப்படறதுன்னா எல்லாரையும் படுங்க, என்னையும் சேர்த்து. ஆனா கண்டுபிடிச்சுட்டு அப்புறம் வேலைய விட்டு அனுப்புங்க" என்றேன். அப்போது கூட இருந்த கம்ப்யூட்டர் பிரிவுப் பெண், ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியில் கண்ணுக்குப் படாத ஒரு சின்ன வித்தியாசம் வைக்கலாம், வெளியே சுற்றுவதைப் பார்த்தால் யாருடைய பிரதி என்று தெரிந்துவிடும் என்றாள். எனக்கு வருவதில் வானிலைக் கட்டத்தில் ஒரு கமா, ஆசிரியருக்குப் போவதில் அதே இடத்தில் ஒரு புள்ளி, இப்படி. முதலாளி, யாரையும் விடாதே, எனக்கும் வை என்று அவரே சொன்னார்.

திங்கட்கிழமை எல்லாரையும் அவர் அறையில் கூட்டினார். அந்தப் பெண் போனில் சுற்றி வந்த பேப்பரையும் கணினியில் இருந்த பட்டியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனியாகச் சொல்கிறேன் சார் என்றாள். எல்லார் முன்னாலும் சொல் என்றார். அவள், "உங்களுக்கு அனுப்புன பிரதி சார்" என்றாள். காலையில் அவர் வீட்டில் அந்தப் போனைத் தொடுகிற இன்னொரு ஆள் அவர் மாமனார்தான் என்று முதலாளியே சொன்னார். அங்கேயே மாமனாருக்குப் போன் போட்டு, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். பெரியவர் ஒளிக்கவே இல்லை. "ஆமா மாப்ள, நான்தான் அனுப்பிட்டிருக்கேன். நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டுப் போடறீங்க, நாலு பேர் படிக்கட்டுமேன்னுதான். எங்க செட்ல எல்லாருக்கும் கண்ணு மங்கல், பேப்பர்ல எழுத்தே தெரியல, போன்ல ரெண்டு விரலால பெருசாக்கிப் படிக்கிறோம்" என்றார். முதலாளி, அப்படியானால் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதானே என்று கேட்டார். பெரியவர் அதற்கு, "கொடுக்கறோம், யாரு வேணாங்கறா. போன்ல வர்ற பேப்பரை நீங்க எங்க விக்கிறீங்க" என்றார். ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். நான் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது.

முதலாளி முரட்டு ஆள்தான், ஆனால் விஷயம் புரிந்தால் பிடிவாதம் பிடிக்க மாட்டார். போலீஸ் பேச்சை அன்றோடு விட்டார், பல் டாக்டருக்கு வக்கீலை விட்டே சமாதானமாக எழுத வைத்தார். இப்போது பேப்பரை நாங்களே விடியும் முன் போனுக்கு அனுப்புகிறோம், பெரிய எழுத்தில், படிக்கிறதற்குத் தோதாக. முதல் பக்கம் எல்லாருக்கும் இலவசம், மீதிக்குச் சின்னதாக ஒரு சந்தா. முதல் ஆளாகச் சேர்ந்தது அந்த மாமனாரின் செட். அந்த வேலையை என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காருங்கள் என்று சொல்லி, "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றார். வைத்துக்கொள்ளத்தான் செய்தேன், ஆனால் தலையை ஆட்டினேன். இன்னும் திருட்டுத்தனமாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், இருப்பார்கள், கடைகளில் பேப்பர் முன்போல விற்கவும் இல்லை. ஆனாலும் சந்தா கூடிக்கொண்டு வருகிறது, பிரிவில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. உன் அப்பாவும் சந்தா கட்டிவிட்டு, அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர்களிடம், "நீங்களே கட்டுங்கய்யா, என் வீட்டுச் சோறு அதுல இருக்கு" என்று நியாயம் பேசிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் கத்தரி வெட்கப்பட்டுக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம். மணப்பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவராம், அவர் வாங்கிக் கொடுத்ததுதான் அந்தப் போன், மாடிப்படியில் அவரோடுதான் பேச்சு. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சிரிப்பார்களே என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையை நான்தான் வடிவமைக்க வேண்டும், அச்சடிக்கப் போவதில்லை, போனில் அனுப்பினால் போதும் என்றார். வேலை தப்பியதில் வந்த நிம்மதியைவிட, அவர் பேர் என் வாயிலிருந்து வராமல் போனதில் வந்த நிம்மதிதான் பெரிது. அழகாகப் பண்ணிக்கொடுத்தேன், கடைசி வரியை மட்டும் நானே சேர்த்தேன்: இதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உனக்கும் வரும், வாழ்த்து அனுப்பு. உன் கடைவாய்ப் பல்லைக் காட்டுவதை இனியும் தள்ளிப்போடாதே, வலி வந்த பிறகு அழுவதில் பிரயோஜனம் இல்லை. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல மனிதர்கள் சூழ, நிறைந்த ஆயுளோடு நீ இருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் நின்று, தன்னைப் பற்றி ரொம்ப எழுதிவிட்டாயா என்று எட்டிப் பார்க்கிறார். அவருடைய ஆசீர்வாதமும் இதோடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா