முதல் கர்ப்பம் என்ற பதிவு

9 பெப்ரவரி 2026, திங்கள்
பிரஷர் 142/88. மார்ச் 19 கர்ப்பப்பைக் கட்டி ஒப்பரேசன். அதற்கு முன்னர் என் நோயாளர் கோப்பைக் கைப்பேசியில் திறந்து தரவேண்டும் என்று துஷானி லக்ஸம்பேர்க்கிலிருந்து டோர்ட்மண்ட் வந்தாள். மகளின் வேலையும் இதுதான் — அந்தச் சின்ன நாட்டின் ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே விதிப்படி எழுதி, ஒன்றின் குறிப்பை மற்றது வாசிக்கச் செய்வது.

"இனி பிரஷர் எழுதுற உங்கட கொப்பியை மூடி வையுங்கோ அம்மா."

"கரண்ட் போனா உன்ர கோப்பு என்ன செய்யும்? என்ர கொப்பி கிடக்கும்."

சிரித்தாள். பழைய வைத்தியர் ஏற்றிவிட்ட சுருக்கத்தை வாசித்தாள். 1997. முதல் கர்ப்பம். முன்பு சத்திரசிகிச்சை எதுவும் இல்லை.

"அது நான்தான்!" என்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டேன்.

11 பெப்ரவரி
முதல் கர்ப்பம். தேவாரம் படிக்கும்போதும் நடுவில் வந்து நிற்கிறது. மயக்க மருந்து கொடுப்பவரும் அதைத்தானே வாசிக்கப் போகிறார்?

15 பெப்ரவரி, சிவராத்திரி
விரத நாளில் பொய்யை மூடிக்கொண்டு இருக்க ஏலாது. எழுதிவிடுகிறேன்.

1993, யாழ்ப்பாணம். என் முதல் கணவர் பென்ஜமின் செல்லடியில் குண்டு பட்டுச் செத்து இரண்டு மாதம். எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. பிள்ளையோடு வரவேண்டிய இளங்கொடி வரவில்லை, மயக்கி எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு மூச்சு வரவில்லையாம். ஒரு தாதி மணிக்கணக்காகக் காற்றுப் பையை அமத்தி அமத்தி மூச்சுக் கொடுத்தாளாம்.

பிறகு இங்கே ஜெர்மனிக்கு வந்து இவரைக் கட்டினேன். இவருக்கு எல்லாம் தெரியும். இங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது. துஷானி வயிற்றில் இருந்தபோது எனக்கு டொச் மொழியில் ஒரு சொல் வராது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் கோயில் சபைச் செல்வரட்ணம் அண்ணைதான் மொழிபெயர்ப்பு. எனக்கும் வந்தார், திரைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்தார்.

"தங்கச்சி, முதல் பிள்ளையோ எண்டு கேக்கினம்."

"ஓம் அண்ணை."

"முந்தி ஒப்பரேசன் ஏதும்?"

"இல்லை அண்ணை."

உண்மை சொன்னால் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நான் அண்ணைக்குச் சொன்ன பதில் அது. வைத்தியருக்குச் சொன்னதாகப் பதிவாகிவிட்டது.

24 பெப்ரவரி
இவரிடம் அதைப் பற்றிக் கதைத்தேன். இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"டொக்டரிட்டத் தனியச் சொல்லு. பிள்ளைக்கு ஏன்?"

"டொக்டர் எழுதுறதை அவள்தானே போனில முதல் பாக்கிறவள்?"

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

சொல்லாமல் படுத்தால் எழும்புவேனோ? சொன்னால் என் பிள்ளை என்னை எப்படிப் பார்ப்பாள்?

5 மார்ச்
151/94. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்க டெர்மின். தனியாகப் போனேன். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் துண்டுகளை அகராதி வைத்து வாசித்துப் பழகிய டொச் என்னுடையது. அதிலேயே சொல்லி முடித்தேன். வைத்தியர் இளம் பெண். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மயக்கும்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து சிலருடைய உடம்பில் கரையாமல் நின்று மூச்சை நிறுத்திவிடுமாம். வேறு மருந்து இருக்கிறதாம். இரத்தம் எடுத்தார்கள்.

பிறகு கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இது பரம்பரையாக வரும். அவர்களையும் சோதிக்க வேண்டும்."

முருகா. என்னை மட்டும் கொல்லக்கூடிய பொய் என்றல்லவா நினைத்திருந்தேன்.

6 மார்ச்
துஷானிக்குச் சொல்லவில்லை.

7 மார்ச்
இன்றும் இல்லை. சோறு குழைந்துவிட்டது.

8 மார்ச், ஞாயிறு
சொல்லிப்போட்டன். ஐயோ, சொல்லிப்போட்டன்.

சாப்பிட வந்த துஷானி கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "ஊர் ஊராப் போய், சரியாப் பதியுங்கோ எண்டு டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிறன் அம்மா. என்ர தாயின்ர பதிவே பொய்யோ? செல்வரட்ணம் மாமாவுக்குப் பயந்தோ?"

"அப்ப எனக்கு இருபத்தாறு வயசு, பிள்ளை."

"எனக்கு இப்ப இருபத்தெட்டு."

சாப்பிடாமல் போய்விட்டாள்.

13 மார்ச்
என் இரத்த முடிவு வந்தது. வைத்தியர் சந்தேகப்பட்டது சரிதான். துஷானிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. 158/96.

21 மார்ச்
ஒப்பரேசன் முடிந்தது, மூச்சு வருகிறது. கந்தன் கருணை. கட்டிலருகே இவரும் துஷானியும். அவள் தலையணையைச் சரிசெய்தாள். "கஞ்சி குடிச்சனீங்களோ?" — அவ்வளவுதான்.

17 ஏப்ரல்
130/82. துஷானிக்கும் மருந்து கரையாத அந்தக் குறை இருக்கிறதாம். சோதித்த காகிதத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்து, தன் கோப்பை நிரப்பினாள். குடும்பத்தில் வேறு யாருக்கு? தாய், என்று பதிந்தாள். அடுத்த கேள்வி உடன்பிறந்தோர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் அவள் கோடுதான் கீறுவாள். இன்று 'ஒருவர்' என்று பதிந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஆணோ பெண்ணோ எண்டு கேக்குது, அம்மா."

ஆண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணா" என்று வந்தது.

பதிந்துவிட்டு, "பிறந்த திகதி?" என்றாள்.