உப்பில்லாத சமையல்

பலாங்கொடை,
1934 புரட்டாதி

அன்புள்ள செல்வநாயகிக்கு,

நீரும் பிள்ளைகளும் மாமியும் நல்ல சுகத்தோடு இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நானும் இப்போது சுகம். "இப்போது" என்று எழுதியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

போன ஆனியில் ஒருநாள் தோட்டத்துக் கந்தோருக்கு வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டால் கால் நுழையவில்லை. கண்ணிமைகளும் ஊதியிருந்தன. ஆசுபத்திரியில் டாக்குத்தர் நான் கழித்த சலத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார். அது அவித்த முட்டை வெள்ளைபோலத் திரண்டது.

"சலத்தைப் பிரிக்கிற குண்டிக்காய் பழுதுபட்டிருக்கிறது. முழுக்க மாறாது. உப்பை விட்டுக் கவனமாக இருந்தால் கனகாலம் இருக்கலாம்," என்றார். அந்தக் "கனகாலம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

எனக்குச் சமைக்கிற மூக்காயி, "உப்பில்லாம எப்படிங்கய்யா சாப்பிடுவீங்க?" என்று அழுதேவிட்டாள். இப்போது தேசிக்காய்ப் புளியும் மிளகும் சேர்த்து ருசியாகவே சமைக்கிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. மாதாமாதம் சலத்தைக் காட்டுகிறேன். போனமுறை கலங்கல் குறைவென்று டாக்குத்தர் சிரித்தார்.

இனி மோர்மிளகாயும் ஊறுகாயும் அனுப்ப வேண்டாம். பனங்கட்டி போதும். முடிந்தால் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீரே கொண்டு வாரும். இந்த வீடு எனக்குப் பெரிது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லை.

தபால்காரன் கிளம்புகிறான். வரும்போது உங்களுக்கு உப்பும் கொண்டு வாரும். இங்கிருந்ததைச் சாடியோடு மூக்காயியிடம் கொடுத்துவிட்டேன்.

உம்முடைய,
பஞ்சலிங்கம்