மெமரிக்கு வைத்த பொட்டு

இன்று விஸ்வகர்மா பூஜை, இந்த ஊர் ஆயுத பூஜை. எங்கள் நியூ டவுன் அடுக்ககத்தில் லிஃப்ட் மோட்டாருக்கு மாலை போட்டுவிட்டு, காவலாளி தட்டோடு வாசலுக்கு வந்தார். "ஏக்டு சந்தன் நின், மாஷிமா" என்று, கொஞ்சம் சந்தனம் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினார். ஈரச் சந்தனத்தின் வாசனை பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. காரணம் கேட்டிருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்? உன்னிடமே சொல்லாதவள் நான்.

கிடர்பூரில் கப்பல் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயாரிக்கும் நம் அலுவலகத்தில் நாம் இரண்டே தமிழ்ப் பெண்கள். இருந்ததும் ஒரே கம்ப்யூட்டர். அது ஆமையாக நகர்ந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து புது மெஷினோடு உன் இடத்துக்கு ஒரு ஆளும் வருவார், நீ தூரத்து ஹால்தியா கிளைக்குப் போக வேண்டும் என்றார் மேனேஜர். உன் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "மெமரி ஒண்ணு கூடப் போட்டா இதுவே ஓடும் சார், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, சாந்தினிக் கடைத்தெருவில் நீயே அலைந்து வாங்கி, நீயே பொருத்தினாய். நான்கு நாள் குதிரை மாதிரி ஓடியது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மூடலாம் என்று பக்கத்துத் தகட்டைத் திருகாமல் சாத்தி வைத்திருந்தாய்.

ஐந்தாம் நாள் விஸ்வகர்மா பூஜை. மகளின் பள்ளிக்குப் போக வேண்டுமென்று நீ லீவு. எல்லோரும் டைப்ரைட்டருக்கும் ஃபேக்ஸுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர் என் பங்குக்கு வந்தது. பெட்டிக்கு வைத்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. உன்னைக் காப்பாற்றப் போவது உள்ளே இருக்கும் அந்தப் புது மெமரிதானே. புதுக் குக்கருக்கே பொட்டு வைக்கிறவர்கள் நாம். தகட்டை நகர்த்தி, மெமரி செருகியிருந்த பள்ளத்தின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் இளகியிருந்தது.

மறுநாள் பாதித் தாளில் திரை நீலமாகி மெஷின் நின்றது. நீ மேனேஜர் அறைக்குப் போன நேரத்தில் ஓரத்திலிருந்த பொட்டைக் கைக்குட்டையால் துடைத்தேன். உள்ளே இறங்கியிருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு தினமும் அதே கதை. புது மெமரியைக் கழற்றினால் மெஷின் நிற்காமல் ஓடும், போட்டால் நிற்கும். விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டாய். "ஆர் கோத்தோ தின், திதி?" என்று மேனேஜர் காலையும் மாலையும் கேட்டார். இன்னும் எத்தனை நாள் என்ற அதே கேள்வி. மெமரியைக் கடைக்கே எடுத்துப் போனாய். அங்கே வேறு மெஷினில் போட்டுப் பார்த்து, மெமரி நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியானால் தப்பு உன்மேல் என்று ஆகிவிட்டது.

அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே என்னிடம் கேட்டாய். "மெஷின் தானா கெடாதுடி. யாரோ என்னமோ செஞ்சிருக்காங்க. என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணிடுவேன். பூஜை அன்னைக்கு உள்ள கை வெச்சியா?"

"வெளிய மட்டும்தான்" என்றேன்.

கம்ப்யூட்டருக்குள் சந்தனம் வைத்தவள் என்று ஊரே சிரிக்குமே என்ற பயம். வாய் முந்திக்கொண்டது. நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. "சரி, அப்ப நான் வாங்கினதுதான் சரியில்ல" என்று சாதத்தைப் பிசைந்தாய். அன்றிரவு நான் தூங்கவில்லை. ஆனாலும் மறுநாளும் சொல்லவில்லை.

நீ ஹால்தியா போனாய். மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தாய். பழைய மெஷினை மூலையில் ஒதுக்கினார்கள். கீபோர்டு தூசி தட்ட நீ மேசையில் வைத்திருந்த சின்ன பிரஷால் ஒரு மதியம் அந்தப் பள்ளத்தைச் சுரண்டினேன். பிரஷ் நுனி சிவந்து வந்தது. பக்கத்திலேயே கிடந்த உன் மெமரியைச் செருகினேன். மாலைவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

ஒருமுறை சொல்லியே தீர்வது என்று ஹால்தியாவுக்கு பஸ் ஏறி வந்தேன். நீ ரசம் வைத்துப் போட்டாய். "அந்த மெமரி விஷயம் இன்னும் எனக்குப் புரியலடி" என்று சிரித்தாய். ரசம் காரம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன். அடுத்த முறை நான் வந்தபோது நீ கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாய். உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மாவுக்கு இருந்த ஒரே ஃப்ரெண்ட் நீங்கதான் ஆன்ட்டி" என்றாள்.

பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று வீடு மாறியும் தொலையவில்லை. நுனியில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை, நானும் கழுவவில்லை. காவலாளி போன பிறகு அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

ஆமாம்டி. உள்ளே கை வைத்தேன்.