கும்பத்தடியில் வைத்த துவக்கு

வோபர்ன், ரொறன்ரோ
ஐப்பசி 26, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் நிதுசனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், உங்கள் மூவரின் சுகத்துக்கும் பிள்ளையாரை வேண்டுகிறோம் என்றுதான் தொடங்க வேண்டும். அம்மா சுகம்தான், முழங்கால் சத்திரசிகிச்சை செய்த இடம் ஆறிவிட்டது, வோக்கரை விட்டுவிட்டு லிஃப்ற் வரைக்கும் தானாக நடக்கிறார். நான் சுகமில்லை. புது வருத்தம் ஒன்றும் இல்லை, பிறஷர் குளிசையும் தவறாமல் போடுகிறேன், ஆனாலும் சுகமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வலது மணிக்கட்டு இன்னும் நோகிறது, உன்னுடைய அந்தச் சாமான் உதைத்த நோ, குடும்ப டொக்டர் கேட்டபோது படியில் வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். எழுபத்தொரு வயதில் டொக்டருக்குப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். இதைப் போனில் சொல்லலாம்தானே என்று நீ நினைப்பாய். மூன்று முறை போனில் தொடங்கினேன், மூன்று முறையும் "அப்பா, மீற்றிங் ஒண்டு வருது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன், கடைசி வரி வரை வாசி.

நீ அதை வாங்கியதிலிருந்து தொடங்குகிறேன். கிறீன் காட் கைக்கு வந்த அதே மாதம் வாங்கினாய். மற்றப் பிள்ளைகள் கிறீன் காட் வந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள், என் மகன் ஒரு றிவோல்வரை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். குட்டைக் குழல், ஐந்து குண்டு, மக்னம் என்று எழுதியிருந்தாய், மக்னம் என்றால் என்ன என்று நான் கேட்க, சின்னத் துவக்குக்குள் பெரிய துவக்கின் அடி என்றாய். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள், பிள்ளை இருக்கிற வீடு, பாதுகாப்பு வேண்டும் என்றாய். இங்கே கனடாவில் எங்களைப் போன்ற சனம் அப்படி ஒன்றை வாங்கவே முடியாது என்று சொன்னதற்கு, "அப்பா, இது ஸ்காபரோ இல்லை, டெக்சாஸ்" என்று சிரித்தாய். நிலக்சி அன்றைக்கே உனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். அது பூட்டுப் பெட்டிக்கு வெளியே ஒரு நாள் கிடந்தாலும் பிள்ளை மிதுசாவைத் தூக்கிக்கொண்டு இங்கே ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள், நீயும் தலையாட்டினாய். நான் அப்போது என் மருமகளைப் பொல்லாத பிடிவாதக்காரி என்று அம்மாவிடம் சொன்னேன். இப்போது அதற்கு வெட்கப்படுகிறேன்.

சரஸ்வதி பூசைக்கும் பேத்தியின் ஏடு தொடக்கலுக்கும் வாருங்கள் என்று ரிக்கற் போட்டாய், அம்மாவால் காலை மடித்து அவ்வளவு நேரம் பிளேனில் இருக்க முடியாது, நான் மட்டும் வந்தேன். வந்த மறுநாள் கோவிலுக்குக் கூட்டிப் போவாய் என்று வேட்டி உடுத்துக்கொண்டு இருந்தேன், நீ சுடும் இடத்துக்குக் கூட்டிப் போனாய். வேட்டியோடு காதில் மூடியும் கண்ணில் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரன் ஒருத்தன் கைகொடுத்தான். முதலில் மெல்லிய குண்டு ஐந்து போட்டுத் தந்தாய், பிறகு மக்னம் தந்தாய். தோள் வரைக்கும் ஒரு வெட்டு, குழல் வாயில் தீ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் கிழிந்தது. பாரமான துவக்கு என்றால் உதையைத் தானே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இது சின்னது, எல்லாவற்றையும் சுடுகிறவன்தான் வாங்க வேண்டும் என்று பாடம் சொன்னாய். மகன், உனக்கு மட்டும் ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் இலங்கை ஆமியும் இந்திய ஆமியும் எங்கள் இயக்கப் பெடியளும் மாறி மாறி என் நெஞ்சுக்கு நேரே துவக்கு நீட்டியிருக்கிறார்கள், அதன் பின்பக்கத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. இன்னும் ஐந்து தா என்று கேட்டது நான்தான். அதையும் நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறைக்கவில்லை.

அதனால்தான் பூசை அன்று பின்னேரம் நீ அதைக் கொண்டுவந்தபோது நான் தடுக்கவில்லை. நிலக்சி ஆஸ்பத்திரிக்கு நைற் சிப்டுக்குப் போய்விட்டாள். நான் கும்பம் வைத்து, பக்கத்தில் மிதுசாவின் அரிச்சுவடியும் படப் புத்தகங்களும், உன் லப்ரொப், கார்த் திறப்பு, நிலக்சியின் பழைய ஸ்டெதஸ்கோப் எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். "இதுவும் ஆயுதம்தானே அப்பா, ஆயுத பூசைதானே" என்று நீ சொல்ல நானும் சிரித்தேன். நீ குண்டு போடுகிற உருளையைத் திறந்து வெறுமையாக்கி, குண்டுகளை மேசையில் வைத்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாய், அது உன்னுடைய நல்ல குணம், அந்த நேரம் வரைக்கும் நீ கவனமாகத்தான் இருந்தாய். பேர்சுக்குள் ஒரு குத்திக் காசு போட்டேன், பேனைக்கு மை பார்த்தேன், விளக்குக்கு எண்ணெய் விட்டேன், பிறகு என் வாயால் சொன்னேன், "கும்பத்தடியிலை ஒண்டையும் வெறுமையா வைக்கிறேல்லை, அது சரியில்லை." பேர்சைப் பற்றித்தான் சொன்னேன் என்று இந்த மூன்று கிழமையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. நான் அந்தத் துவக்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நீ ஐந்தையும் திரும்பப் போட்டாய், நான் கைபிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், தேவாரம் பாடினோம். கும்பத்தடியில் வைத்ததை விஜயதசமி காலை வரைக்கும் தொடுவதில்லை என்று அதையும் நான்தான் சொன்னேன். அது அப்படியே கிடந்தது.

காலையில் நீ குளிக்கப் போனாய். நிலக்சி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். நான் தட்டத்தில் பச்சையரிசி பரப்பிக்கொண்டு நிலத்தில் இருந்தேன், மிதுசா புதுச் சட்டையோடு முன்னால் துள்ளிக்கொண்டு நின்றாள், "பொட்டு வைச்சதை எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ செல்லம்" என்று சொல்லிவிட்டேன். அரிச்சுவடியைத்தான் நினைத்துச் சொன்னேன், நாலு வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள், பாவைப்பிள்ளையைக் கொண்டுவருவது போல, குழல் வாய் அவளுடைய நாடிக்குக் கீழே இருந்தது. கத்தினால் பயந்துபோய் விரலை இறுக்குவாள் என்று தெரிந்தது, கத்தவில்லை. "நல்ல பிள்ளை, அப்பப்பாட்டைத் தாங்கோ" என்று கையை நீட்டினேன். அவள் எட்டு அடி நடந்து வந்து தந்தாள். அந்த எட்டு அடிக்கு நான் எத்தனை கடவுளைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. நீ துவாயோடு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "பயப்பிடாதேங்கோ அப்பா, உதின்ரை ட்ரிகர் நல்ல இறுக்கம், சின்னப் பிள்ளையின்ரை விரலாலை இழுக்கேலாது" என்றாய். உருளையைத் திறந்து காட்டினேன், ஐந்தும் இருந்தன. உன் முகம் கறுத்தது, ஆனால் வாயில் வந்தது "நீங்கள்தானே வெறுமையா வைக்கவேண்டாம் எண்டனீங்கள்" என்றுதான். அது உண்மைதான். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று கூட உனக்குத் தோன்றவில்லை, ஈரத்துணி எடுத்துச் சந்தனத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாய். நிலக்சியின் கார்ச் சத்தம் கேட்க, "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாய். நானும் ஓம் என்றேன்.

பிறகு என்ன நடந்தது என்று இங்கே ரொறன்ரோவில் எல்லோருக்கும் தெரியும், நிலக்சி வீடியோ எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டாளே. பேத்தியின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதும்போது அப்பப்பாவின் கண் நிறைந்துவிட்டது, ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கீழே பூப் படம் போட்டிருந்தார்கள். கோவிலில் கண்டவர்கள் எல்லாம், நல்ல பாக்கியம் செய்த மனிசன் நீங்கள் என்று கையைப் பிடிக்கிறார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கோணிப் போன அந்த அ எழுத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, அம்மா அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.

ராகுலனின் தாயை நேற்று மார்க்கம் றோட் மரக்கறிக் கடையில் கண்டேன். உன்னோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்த ராகுலன்தான், யாரோ இரண்டு குழுவின் சண்டைக்கு நடுவில் பார்க்கிங்கில் நின்ற குற்றத்துக்குக் குண்டு வாங்கிய பிள்ளை. அவனுடைய பிரேதப் பெட்டியைத் தூக்கியவர்களில் நீயும் ஒருத்தன், பதினெட்டு வயது உனக்கு, என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாய், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த மனுசி உன்னை மறக்கவில்லை, நிதுசன் எப்படி இருக்கிறான், பிள்ளை வளர்ந்துவிட்டதா என்று கேட்டார். நல்லாக இருக்கிறான் என்றேன். உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வாய் மூடித்தான் இருந்திருப்பேன், ஏனென்றால் நானும் குற்றவாளி, உன்னைக் காட்டிக் கொடுத்தால் என்னையும் காட்டிக் கொடுக்க வேண்டும். அதை விற்றுவிட்டாய் என்று சொல்வாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன். போன ஞாயிறு நீ என்ன சொன்னாய்? பெட்டிக்குள் இருந்தால் அவசரத்துக்கு உதவாது, இடுப்பில் கொழுவுகிற உறை ஒன்று வாங்கிவிட்டேன், நிலக்சி வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றாய். பிறகு பெருமையாக, "மிதுசா அண்டைக்குத் துளியும் பயப்பிடேல்லை பார்த்தீங்களே, துணிஞ்ச பிள்ளை" என்றாய். மகன், அவள் துணிந்த பிள்ளை இல்லை, அவளுக்கு அது என்னவென்று தெரியாது. உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சொன்னாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த வெறுப்பு ஒரு தகப்பனுக்கு வரக்கூடாத வெறுப்பு. இதை எழுதும்போதும் அது போகவில்லை.

அன்றே அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மா அழவில்லை, இன்னும் யாருக்குச் சொல்லக் காத்திருக்கிறீங்கள் என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை நிலக்சியின் சாப்பாட்டு நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். முதலில் என் பிழையைச் சொன்னேன், வெறுமையாக வைக்கக் கூடாது என்று சொன்னது நான்தான் என்று, பிறகுதான் உன்னுடையதைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது மாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சொன்னேன். "சரி மாமா, நான் பார்க்கிறன்" என்று வைத்துவிட்டாள். நேற்று அவளே எடுத்து, தனக்கும் பிள்ளைக்கும் ரிக்கற் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

இந்தக் கடித உறையில் உன் வீட்டு முகவரி இல்லை, பார்த்திருப்பாய். அவளுடைய வேலையிடத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன், அவள் கையால் உன் மேசையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீ வேலையால் வந்து இதை எடுக்கும்போது அவர்கள் இருவரும் பிளேனில் இருப்பார்கள், அம்மாவும் நானும் எயர்போர்ட்டில் நிற்போம். பெற்ற தகப்பனே குடும்பத்தைப் பிரித்தான் என்று நீ சொல்லலாம், சொல்லு, ஊரெல்லாம் சொல்லு, நான் மறுக்க மாட்டேன். மிதுசா உயிரோடு மோர்னிங்சைட்டில் வளரட்டும், நீ என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் கறி வைத்துவிட்டுத்தான் போவேன் என்றாள், சூடாக்கிச் சாப்பிடு. எந்த நேரமும் போன் எடு, நான் எடுப்பேன், திட்டுவதென்றாலும் எடு. நீ எங்கே இருந்தாலும் எப்படி இருந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும், இப்போதைக்கு என்னிடம் இருக்கிற ஆசீர்வாதம் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறவாதே. வெறும் வீட்டில் நீயும் அதுவும் தனியாக இருக்க நான் விட மாட்டேன், இந்த ஒரு கிழமையும் என்னை நித்திரை கொள்ள விடாத பயம் அதுதான். உன்னோடு வேலை செய்கிற றெமிஜியஸ் தம்பியிடம் கதைத்திருக்கிறேன், நீ இதை வாசிக்கிற அன்றைக்கே பின்னேரம் ஆறு மணிக்கு வருவார். பூட்டின பெட்டியைத் திறக்காதே, திறப்பையும் சேர்த்து அப்படியே அவர் கையில் கொடு. மணி அடித்தால் கதவைத் திற மகன்.

உன்னைப் பெற்ற பாவி,
அப்பா
சச்சிதானந்தன்